பட்ஜெட் கேமிங் பிசி: ப்ராசஸருக்கு எவ்ளோ, கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்ளோ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ராசஸர் முக்கியமா, கிராபிக்ஸ் கார்டு முக்கியமா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

கார்டு.

ஆனா இத மட்டும் கேட்டுட்டு வாங்க கெளம்பிடாதீங்க, உங்க மானிட்டர் என்னனு தெரியாம இதுக்கு முழு பதில் யாராலயும் சொல்ல முடியாது. 60 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 60 தடவ படத்த மாத்துற) மானிட்டர்ல நிதானமா கதை கேம் ஆடுறவருக்கும் 165 ஹெர்ட்ஸ்ல ஆன்லைன்ல துப்பாக்கி சண்டை போடுறவருக்கும் கையில இருக்கிற காசு ஒண்ணாவே இருந்தாலும் வாங்க வேண்டிய சாமான் வேற வேற. யார் எங்கிட்ட கேட்டாலும் நான் மொதல்ல மானிட்டர கேப்பேன், அப்புறம் என்ன கேம்னு கேப்பேன், மாடல் நம்பர் பேச்செல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ரெண்டும் உள்ளுக்குள்ள என்னதான் பண்ணுது?

ஒரு டெய்லர் கடைய நெனச்சுக்கோங்க. ஒருத்தர் துணி வெட்டித் தர்றாரு, இன்னொருத்தர் மெஷின்ல உக்காந்து தைக்கிறாரு. வெட்டுறவரு ப்ராசஸர், தைக்கிறவரு கார்டு, ஒவ்வொரு ஃப்ரேமும், அதாவது ஸ்க்ரீன்ல வர்ற ஒவ்வொரு படமும், ஒரு சட்டை. எதிரி எங்க நிக்கிறான், குண்டு எங்க பட்டுச்சு, இந்த ஃப்ரேம்ல என்னென்ன பொருள வரையணும்னு கணக்கு போட்டு லிஸ்ட் எடுத்து கொடுக்கிறது ப்ராசஸர். அந்த லிஸ்ட்ட வாங்கி ஒவ்வொரு பிக்ஸலுக்கும் கலர், வெளிச்சம், நிழல் போட்டு படமா ஆக்குறது கார்டு.

60 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 60 ஃப்ரேம், வேணும்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்டுதான் டைம். 144 வேணும்னா வெறும் 6.9. ரெண்டு பேருமே அந்த டைமுக்குள்ள அவங்கவங்க வேலைய முடிச்சாகணும், யாரு லேட்டோ அவரு வேகம்தான் கடையோட வேகம்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, 1080பி ஸ்க்ரீன்ல சுமார் 20.7 லட்சம் பிக்ஸல், 1440பி-ல 36.9 லட்சம், 4கே-ல 83 லட்சம். ரெசல்யூஷன் ஏத்துறது சட்டைக்கு எம்ப்ராய்டரி வேலை சேக்குற மாதிரி, தைக்கிறவருக்குத்தான் முதுகு ஒடியும், வெட்டுறவருக்கு அதே சட்டைதான், அதே வேலைதான். அதனால கார்டு திணறினா ரெசல்யூஷனையோ செட்டிங்ஸையோ கொறச்சு தப்பிச்சுக்கலாம். ப்ராசஸர் திணறினா அப்படி தப்பிக்க வழி ரொம்ப கம்மி, கூட்டத்தோட அடர்த்தி, எவ்ளோ தூரம் வரைக்கும் தெரியணும்ங்கற மாதிரி ரெண்டு மூணு செட்டிங்தான் அதுக்கு உதவும். எனக்கு எவ்ளோ எஃப்பிஎஸ் வேணும்னு பாத்து ப்ராசஸர், என்ன ரெசல்யூஷன்ல எவ்ளோ அழகா வேணும்னு பாத்து கார்டு. நான் எல்லாருக்கும் சொல்ற கணக்கு இதான், கீழ வர்றது எல்லாமே இதுல இருந்து கெளம்புற சங்கதிங்கதான்.

நெட்டுல பாட்டில்நெக் (எந்த பார்ட் மத்தத இழுத்துப் பிடிக்குதுன்னு சொல்ற) கால்குலேட்டர்ல போட்டு பாத்தேன், ஏதோ சதவீதம் காட்டி பயமுறுத்துது. நம்பலாமா?

வேணாம். நீங்க ஆடப் போற கேம் என்ன, எந்த சீன், என்ன செட்டிங்ஸ்னு எதுவுமே தெரியாம ரெண்டு பார்ட்டோட பேர மட்டும் வச்சு ஒரு நம்பர் துப்புறது ஜோசியம். ஒரே ஜோடி, ஒரே கேம்ல ஊருக்குள்ள கூட்டத்துல நடக்கும்போது ப்ராசஸர் லிமிட்டா இருக்கும், காட்டுக்குள்ள போனா கார்டு லிமிட்டா இருக்கும். அஞ்சு நிமிஷத்துல ரெண்டு தடவ மாறும். பாட்டில்நெக் இல்லாத பிசினு ஒண்ணு கெடையாது, எங்கயோ ஒரு எடத்துல நிக்கத்தான் செய்யும், கார்டுல நின்னா நல்லது, காசு போட்ட எடம் முழுசா வேல செய்யுதுன்னு அர்த்தம்.

என் பிசில எது இழுக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒண்ண போட்டு ஆடும்போது ஸ்க்ரீன் மூலைல நம்பர் வர வச்சுக்கோங்க. கார்டு யூசேஜ் 95லிருந்து 99க்குள்ள நின்னா கார்டுதான் லிமிட். அது 60, 70னு தொங்கிட்டு இருக்கு, நீங்க எதிர்பாத்த எஃப்பிஎஸ்ஸும் வரலைனா ப்ராசஸர் பக்கம் சந்தேகப்படலாம். ஆனா அதுக்கு முன்னாடி விசிங்க் (மானிட்டர் வேகத்துக்கு மேல ஃப்ரேம் போகாம கட்டி வைக்கிறது), ஃப்ரேம் லிமிட் எதாவது ஆன்ல இருக்கானு பாருங்க, 60ல லாக் பண்ணி வச்சுட்டு கார்டு 50 சதவீதம்தான் ஓடுது ப்ராசஸர் வீக்குன்னு புலம்புறவங்கள நெறைய பாத்தாச்சு.

எல்லாரும் ஏமாறுற எடம் ஒண்ணு இருக்கு. ப்ராசஸர் யூசேஜ் 40 சதவீதம்தான் காட்டுது, அப்ப ப்ராசஸர் ஃப்ரீயாதான் இருக்குனு நெனப்பாங்க. 12 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடக்கூடிய வேலை வரிசை) இருக்கிற ப்ராசஸர்ல ஒரே ஒரு த்ரெட் முக்கி முக்கி 100ல ஓடினாலும் மொத்தத்துல அது 8 சதவீதம் சொச்சம்தான். நெறைய கேம்ல ஒரு மெயின் த்ரெட் இருக்கும், அது முடிச்சாத்தான் மத்ததெல்லாம் நகரும், அது நெறஞ்சிருச்சுன்னா மீதி 11 சும்மா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதனால மொத்த யூசேஜ பாத்து முடிவு பண்ணாதீங்க.

இன்னும் சுலபமா ஒரு வழி, ரெசல்யூஷன 720பி-க்கு எறக்கி செட்டிங்ஸையும் லோ ஆக்கிட்டு அதே எடத்துல நின்னு பாருங்க. எஃப்பிஎஸ் ஜிவ்வுனு ஏறிச்சா அதுவரைக்கும் கார்டுதான் இழுத்துட்டு இருந்துச்சு. அசையவே இல்லனா ப்ராசஸர், இல்லனா ராம்.

காச எப்படி பிரிக்கலாம்?

ப்ராசஸருக்கு போடுற மாதிரி ஒண்ணரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் கார்டுக்கு போகணும், இது என் கணக்கு, சட்டம் எல்லாம் கெடையாது. 1440பி மானிட்டர்னா இன்னும் கொஞ்சம் கார்டு பக்கம் சாயலாம், 240 ஹெர்ட்ஸ்ல போட்டி கேம் மட்டும்தான்னா ப்ராசஸர் பக்கம் சாயலாம். ஆனா பவர் சப்ளைல இருந்து புடுங்கி கார்டுக்கு போடாதீங்க, அந்த ஒரு எடத்துல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.

நானே மொத தடவ பிசி போடும்போது இதுல கோட்டை விட்டவன்தான். எட்டு கோர் (ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேல செய்யுற பகுதி) இருந்தா பத்து வருஷம் தாங்கும்னு ஒருத்தர் சொல்ல, நம்பி பெரிய ப்ராசஸரா வாங்கி, மிச்ச காசுல 4 ஜிபி கார்டு ஒண்ண சொருகினேன். டாஸ்க் மேனேஜர தொறந்து 16 கட்டம் வரிசையா நிக்கிறத பாக்க அவ்ளோ பெருமை. கேம் தொறந்தா 35 எஃப்பிஎஸ். வெட்டுறவரு மலை மாதிரி துணிய வெட்டி குவிச்சு வச்சுட்டு கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, தைக்க ஆள் இல்ல.

இன்னிக்கு எத்தன கோர் போதும்?

6 கோர் 12 த்ரெட். பட்ஜெட் பிசிக்கு இதான் சரியான எடம்.

4 கோர் 8 த்ரெட்ல ஐ3 12100எஃப் மாதிரி ஒண்ணு 60 எஃப்பிஎஸ் டார்கெட்டுக்கு இன்னும் நெறைய கேம ஓட்டிடும், காசு நிஜமாவே இல்லனா தப்பு இல்ல, ஆனா பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம்ல அங்கங்க திக்கும். சராசரி எஃப்பிஎஸ் பாத்தா நல்லாதான் இருக்கும், 1 சதவீத லோனு ஒரு நம்பர் காட்டுவாங்க பாருங்க, ரொம்ப மெதுவா வந்த ஃப்ரேமுங்கள வச்சு எடுக்குறது, அது அடி வாங்கும். கண்ணுக்கு தட்டுப்படுற ஜெர்க் எல்லாம் அதுலதான் இருக்கு.

8 கோர் வேணுமானு கேட்டா, 2020ல வந்த ப்ளேஸ்டேஷன் 5லயும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்லயும் 8 கோர் இருக்கு, அதனால பிசிலயும் 8 வேணும்னு ஒரு வாதம் ஓடும். அது ஏஎம்டியோட ஸென் 2ங்கற பழைய டிசைன் காலத்து கோர், வேகமும் கம்மி. அதுக்கப்புறம் வந்த கோர் ஒவ்வொண்ணும் தனித்தனியா பாத்தா நல்லாவே வேகம் கூட, அதனால புதுசான 6 கோர் அந்த பழைய 8 கோருக்கு தாராளமா ஈடு கொடுக்கும். கோர் எண்ணிக்கைய விட ஒரு கோரோட வேகமும், ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற கேஷ்ங்கற வேகமான மெமரியும்தான் கேமுக்கு முக்கியம்.

ஏஎம்டி ரைசன் 5500, 5600, 5600ஜி மூணுமே 6 கோர்தானே, வெல கம்மியானத எடுத்துக்கலாமா?

ரொம்ப நல்ல கேள்வி, இங்கதான் நெறைய பேர் மாட்டுறாங்க. ரைசன் 5 5600ல எல்3 கேஷ் 32 எம்பி, பிசிஐஇ (ப்ராசஸருக்கும் கார்டுக்கும் நடுவுல இருக்கிற பாதை) 4.0 சப்போர்ட் உண்டு. 5500லயும் 5600ஜிலயும் கேஷ் 16 எம்பிதான், பிசிஐஇயும் 3.0தான். மூணுலயும் 6 கோர் 12 த்ரெட்னு டப்பால ஒரே மாதிரி போட்டிருக்கும், கேம்ல 5600 தனியா தெரியும்.

கேஷ் ஏன் முக்கியம்னா, கேம் கோடு மெமரில அங்கயும் இங்கயும் தாவித் தாவி எடுக்கும், ஒவ்வொரு தடவையும் ராம் வரைக்கும் போய்ட்டு வர்றது ப்ராசஸருக்கு ரொம்ப தூரம். பக்கத்துலயே பெரிய அலமாரி இருந்தா நடை மிச்சம். 96 எம்பி கேஷ் வச்ச 5800எக்ஸ்3டி 2022ல வந்தப்போ, க்ளாக் ஸ்பீட் கொஞ்சம் கம்மியா இருந்தும் கேம்ல அண்ணன் ப்ராசஸருங்கள எல்லாம் தாண்டினதுக்கு அதான் காரணம்.

இதே சூதானம் ஏஎம்5 (போர்டுல ப்ராசஸர் உக்கார்ற ஏஎம்டியோட புது சாக்கெட், 5600 எல்லாம் பழைய ஏஎம்4) பக்கமும் வேணும். ரைசன் 5 8400எஃப், 8500ஜி எல்லாம் பேர்ல 8 இருக்குன்னு 7600ஐ விட பெருசு கெடையாது. 8500ஜி கார்டுக்கு 4 லேன்தான் (பிசிஐஇ பாதையோட தடம்) கொடுக்கும். 7600, 7500எஃப் ரெண்டுலயும் 32 எம்பி எல்3, தனி கார்டு போடுறவங்களுக்கு அதுங்கதான் சரி. இன்டெல் பக்கம் ஐ5 12400எஃப் இன்னும் நல்ல மாடு, 6 கோர், 18 எம்பி எல்3, டிடிஆர்4 ராம் போடுற போர்டுலயும் ஓடும் டிடிஆர்5 போர்டுலயும் ஓடும்.

சரி, ஜோடி சொல்லுங்க.

வெல தெனம் மாறும், அதனால இத வேதவாக்கா எடுக்காம ஒரு அளவுகோலா எடுத்துக்கோங்க.

1080பி, 60 எஃப்பிஎஸ், ரொம்ப இறுக்கிப் பிடிச்ச பட்ஜெட்: ஐ3 12100எஃப் இல்ல ரைசன் 5 5500, கூட ஆர்எக்ஸ் 6600. அந்த கார்டு 2021ல வந்தது, 8 ஜிபி, 132 வாட்தான் குடிக்கும், பட்ஜெட்காரங்களுக்கு ரொம்ப நாள் சோறு போட்ட கார்டு அது.

1080பி ஹை செட்டிங்ஸ், 100 சொச்சம் எஃப்பிஎஸ்: ரைசன் 5 5600 இல்ல ஐ5 12400எஃப், கூட ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, இல்ல ஆர்டிஎக்ஸ் 5060 ரகம். எனக்கு ரொம்ப புடிச்ச எடம் இதான், ரெண்டு பக்கமும் யாரும் யாருக்காகவும் ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டாங்க.

1440பி-க்கு போகணும்னா ரைசன் 5 7600 மாதிரி ஒண்ணு, கூட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி இல்ல ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. ரெண்டு கார்டுலயுமே 8 ஜிபி மாடலும் ஒண்ணு இருக்கு, பேரு அச்சு அசல் அதேதான், டப்பாவ திருப்பி பாத்து வாங்குங்க. இந்த ரகத்துக்கு ஏற்கனவே 5600 வச்சிருக்கவங்க ப்ராசஸர மாத்த வேணாம், 1440பி-ல கார்டுதான் பெரும்பாலும் லிமிட்டா நிக்கும், வித்தியாசம் கம்மியா தெரியும்.

எங்கிட்ட பழைய மதர்போர்டு இருக்கு, பிசிஐஇ 3.0தான். புது கார்டு போட்டா வீணா?

கார்டு எத்தன லேன்ல ஓடுதுன்னு பாக்கணும். பிசிஐஇ 3.0ல ஒரு லேனுக்கு செகண்டுக்கு கிட்டத்தட்ட 1 ஜிபி, 4.0ல 2 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி 16 லேன் கார்டு, 3.0லயும் செகண்டுக்கு 16 ஜிபி ஓடும், கவலையே இல்ல. ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாம் 8 லேன், 3.0 போர்டுல பாதி ஆகி 8 ஜிபி. பெரும்பாலும் சின்ன இழப்புதான், ஆனா விராம் (கார்டோட சொந்த மெமரி) நெறஞ்சு வழிய ஆரம்பிச்சா அப்ப சாமான் எல்லாம் இந்த ரோட்டு வழியாத்தான் ராம்ல இருந்து வந்து போகணும், அப்ப நல்லா உறைக்கும்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 லேன், 4 ஜிபி மெமரி. 3.0 போர்டுல போட்டா செகண்டுக்கு 4 ஜிபிதான், சந்துக்குள்ள லாரி விட்ட மாதிரி. பழைய போர்டு வச்சிருக்க ஏழைக்காக வந்த கார்டு, பழைய போர்டுலதான் ஒழுங்கா ஓடாது. என்ன கணக்கோ.

ஏஎம்4ல பி450, ஏ520 போர்டெல்லாம் 3.0, பி550 கார்டு ஸ்லாட் 4.0. அதே பி550ல 5500 போட்டா மறுபடி 3.0தான், ப்ராசஸரும் கொடுக்கணும் போர்டும் கொடுக்கணும்.

8 ஜிபி விராம் போதுமா?

1080பி-க்கு இன்னிக்கு போதும், டெக்ஸ்ச்சர் அல்ட்ராவ விட்டுட்டு ஹைல வச்சா. 1440பி-ல சில புது கேம் 8ஐ தாண்டிடும், ரே ட்ரேசிங்கும் (வெளிச்சம் போற வழிய கணக்கு போட்டு வரையறது) ஃப்ரேம் ஜெனரேஷனும் (நடுவுல கற்பனை ஃப்ரேம் சொருகுறது) ஆன் பண்ணா இன்னும் கேக்கும், ரெண்டுமே விராம் தின்னும். 4 ஜிபி கார்டு புதுசா வாங்கவே வாங்காதீங்க. விராம் பத்தலைனா அது ப்ராசஸர் பிரச்சன மாதிரியே வேஷம் போடும், கார்டு யூசேஜ் எறங்கும், ஜெர்க் அடிக்கும், ஆனா டெக்ஸ்ச்சர ஒரு படி கொறச்சா சரியாயிடும். ப்ராசஸர மாத்துறதுக்கு முன்னாடி அத செஞ்சு பாருங்க.

இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி, வெலைக்கு நல்லா இருக்கே?

கார்டு நல்லாதான் இருக்கு, ஜோடிதான் பாக்கணும். 2024 டிசம்பர்ல வந்து எல்லாரும் பாராட்டினாங்க, அடுத்த மாசமே ஒரு விஷயம் வெளில வந்துச்சு, அதோட டிரைவர் (கார்ட ஓட்டுற சாஃப்ட்வேர்) ப்ராசஸர நெறைய வேல வாங்குது. ரைசன் 5 2600, 3600 மாதிரி பழைய ப்ராசஸரோட போட்டா சில கேம்ல பலமா அடி வாங்கிச்சு, 5600லயே கூட சில கேம்ல தெரிஞ்சுது. பின்னாடி வந்த டிரைவர்ல கொஞ்சம் சரி பண்ணாங்க. அதோட ரீசைசபிள் பார்ங்கற செட்டிங் (கார்டோட மொத்த மெமரியையும் ப்ராசஸர் ஒரே தடவையில தொட விடுறது) பயாஸ்ல, அதாவது மதர்போர்டோட செட்டிங்ஸ் மெனுல, ஆன்ல இருந்தே ஆகணும், இல்லனா ஆர்க் கார்ட தொடாதீங்க. ஆக பழைய பிசிக்கு உயிர் கொடுக்க ஆர்க் சரியான மருந்து இல்ல, புது ப்ராசஸரோட போடுறவங்க தாராளமா பாக்கலாம்.

டிரைவர் சுமைங்கறது இன்டெல்லுக்கு மட்டும் இல்ல. என்விடியா டிரைவரும் டைரக்ட்எக்ஸ் 12 கேம்ல ஏஎம்டியவிட ப்ராசஸர கொஞ்சம் கூட கேக்கும், வீக்கான ப்ராசஸர்ல அது தெரியும்.

நான் வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும்தான் ஆடுவேன்.

அப்ப மேல சொன்னதுல பாதிய தலைகீழா மாத்திக்கோங்க. எல்லாரும் செட்டிங்ஸ லோல வச்சுத்தான் ஆடுறாங்க, கார்டுக்கு வேலையே இல்ல, 200 எஃப்பிஎஸ் வேணும்னா ஒரு ஃப்ரேமுக்கு 5 மில்லிசெகண்டுக்குள்ள ப்ராசஸர் முடிக்கணும். ப்ராசஸர், ராம் ரெண்டுலயும் கொஞ்சம் தாராளமா இருங்க, கார்டு ஆர்எக்ஸ் 6600 ரகம் போதும். ஆனா ஒண்ணு, இன்னும் ஆறு மாசத்துல வேற பெரிய கேம் மேல ஆசை வரும், வராம இருந்தவங்கள நான் பாத்ததில்ல.

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2, ஃப்ளைட் சிமுலேட்டர் மாதிரி ஊரையே கணக்கு போடுற கேம் ஆடுறவங்களும் இதே கட்சிதான், ப்ராசஸர் பக்கம்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர்னு சின்ன படத்த பெருசாக்குற அப்ஸ்கேலிங் போட்டா ப்ராசஸர் குறை தீந்துடுமா?

தீராது, உள்ள இருந்தது வெளில வரும். 1080பி-ல டிஎல்எஸ்எஸ் க்வாலிட்டி வச்சா கார்டு நெஜமா வரையறது 1280 x 720, அத பெருசாக்கி காட்டுது. தைக்கிறவருக்கு வேல கொறஞ்சுது, வெட்டுறவருக்கு அதே வேல, இன்னும் வேகமா கேப்பாங்க. அதனால அப்ஸ்கேலிங் நெறைய உபயோகிக்கப் போறவங்க ப்ராசஸர ரொம்ப கீழ எடுக்காதீங்க.

ஃப்ரேம் ஜெனரேஷன் வேற கதை. ரெண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவுல கார்டே ஒண்ண கற்பனையா வரைஞ்சு சொருகுது, அதுக்கு ப்ராசஸர்ட்ட போய் கேக்க வேண்டியதில்ல, அதனால ப்ராசஸர் லிமிட்லயும் நம்பர் ஏறும். ஆனா மவுஸ் அசைச்சா ரெஸ்பான்ஸ் பழைய வேகம்தான், சொல்லப்போனா கொஞ்சம் மந்தம்தான். 60 எஃப்பிஎஸ் ஏற்கனவே வர்றவங்களுக்கு அது சந்தோஷம், 30 வர்றவங்களுக்கு அது 60 மாதிரி தெரியுற 30.

ரே ட்ரேசிங் ஆன் பண்ணா கார்டுக்கு மட்டும்தான் சுமைன்னு நெனைக்காதீங்க, வெளிச்சம் எங்க பட்டு எங்க போகுதுன்னு தேடுறதுக்கான வரைபடத்த ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதுப்பிக்கிறதுல ப்ராசஸருக்கும் பங்கு இருக்கு. சைபர்பங்க் 2077 வச்சிருந்தா ஊருக்கு நடுவுல நின்னு ஆன் ஆஃப் பண்ணி பாருங்க, புரியும்.

ராமுக்கும் இந்த பேலன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

ரொம்ப சம்பந்தம். ப்ராசஸருக்கு தீனி போடுறதே ராம்தான். 16 ஜிபி ஒரே குச்சியா வாங்குறதும் 8 ஜிபி ரெண்டு குச்சியா வாங்குறதும் ஒண்ணு இல்ல, ரெண்டு குச்சின்னா டூயல் சேனல், பாதை ரெண்டு மடங்கு. டிடிஆர்4னா 3200, ஏஎம்5ல டிடிஆர்5 6000, இது ரெண்டும் காசுக்கு ஏத்த ஸ்பீடு.

வாங்கிட்டா மட்டும் போதாது, பயாஸ்ல போய் எக்ஸ்எம்பி இல்ல எக்ஸ்போனு இருக்கிறத (ராம அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணணும். நான் 3200 ராம் வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல 2133லயே ஓட்டியிருக்கேன், யாரும் சொல்லல, நானும் பாக்கல, ப்ராசஸர் வீக்கு ப்ராசஸர் வீக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சேன். ஒரு நாள் தற்செயலா டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்த தொறந்தா 2133னு சிரிக்குது. ஒரே ஒரு பட்டன். அன்னிக்கு ராத்திரி ஆடினப்போ அந்த ஜெர்க்குல முக்காவாசி காணோம்.

பழைய ஆபீஸ் பிசி ஒண்ணு கெடைக்குது, கார்டு மட்டும் போட்டா கேமிங் பிசி ஆயிடுமா?

ஆகும், கொஞ்சம். மூணு விஷயம் இடிக்கும். பவர் சப்ளை சின்னதா இருக்கும், கார்டுக்கு போற 6 பின், 8 பின் ஒயரே இருக்காது, சிலதுல கனெக்டரே அந்த கம்பெனியோட தனி டிசைன், வெளி பவர் சப்ளை மாட்ட முடியாது. ஸ்லாட்ல இருந்து மட்டும் 75 வாட் வரைக்கும் கெடைக்கும், அதுக்குள்ள அடங்குற கார்டுன்னா ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 70 வாட். 8 ஜிபி 3050 வேற கார்டு, 130 வாட், அத குழப்பிக்காதீங்க. கேபினட் ஒல்லியா இருந்தா லோ ப்ரொஃபைல் (உயரம் கம்மியான) மாடல்தான் உள்ள போகும். ப்ராசஸர் 4 கோர் 4 த்ரெட் காலத்து ஐ5ஆ இருந்தா வாங்காதீங்க, கார்டு நல்லா இருந்தும் திக்கிட்டே இருக்கும். இன்டெல்னா 8வது தலைமுறையோ அதுக்கு அப்புறம் வந்ததோனு பாருங்க, விண்டோஸ் 11 அதுக்கு கீழ அதிகாரபூர்வமா சப்போர்ட் இல்ல, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுது.

பவர் சப்ளை எத்தன வாட்?

இங்க சொன்ன ஜோடிங்க எல்லாத்துக்கும் நல்ல தரமான 550 வாட் தாராளம், பின்னாடி பெரிய கார்டு ஆசை இருந்தா 650. பேர் தெரியாத 750 வாட்ட விட நல்ல 550 மேல்.

இப்போதைக்கு கார்டு வாங்க காசில்ல, கிராபிக்ஸ் உள்ளயே இருக்கிற ப்ராசஸர் வாங்கிட்டு அப்புறம் போட்டுக்கலாமா?

எவ்ளோ நாள் அந்த "அப்புறம்"? ரெண்டு மூணு மாசம்னா ஜி சீரிஸ் (பேரு ஜில முடியுற, கிராபிக்ஸ் உள்ளயே இருக்கிற ரைசன்) வாங்காதீங்க, காத்திருங்க, இல்லனா பழைய கார்டு ஒண்ண இரவல் வாங்கி ஓட்டுங்க. ரைசன் 7600ல சின்னதா ஒரு கிராபிக்ஸ் இருக்கு, கேமுக்கு ஆகாது, ஸ்க்ரீன் தெரியும், வேல பாக்கலாம், படம் பாக்கலாம், கார்டு வர்ற வரைக்கும் அது போதும். ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்னா 5600ஜி, 8600ஜி மாதிரி எடுக்கலாம், அப்ப ராம் ரெண்டு குச்சி கட்டாயம், அந்த கிராபிக்ஸ் ராமத்தான் கடன் வாங்கி வாழுது. இன்டெல்ல எஃப்ல முடியுற மாடல்ல டிஸ்ப்ளேவே வராது, கார்டு இல்லாம அத வாங்கிட்டு வந்து பிசி செத்துப்போச்சுன்னு பதறாதீங்க.

ஏஎம்4 இன்னும் வாங்கலாமா, ஏஎம்5 போகணுமா?

கையில போர்டும் டிடிஆர்4 ராமும் ஏற்கனவே இருந்தா ஏஎம்4லயே இருங்க, பயாஸ் அப்டேட் பண்ணிட்டு 5600 போட்டா பழைய ரைசன்ல இருந்து பெரிய தாவல். எல்லாமே புதுசா வாங்குறீங்க, பட்ஜெட்டும் கொஞ்சம் எட்டுதுன்னா ஏஎம்5. 2022ல வந்த சாக்கெட், இன்னிக்கு 7600 போட்டுட்டு நாலு வருஷம் கழிச்சு ப்ராசஸர மட்டும் கழட்டி மாத்தலாம். ஏஎம்4ல 2017ல மொத ரைசன் வாங்கினவங்க நெறைய பேரு அதே போர்டுல 5800எக்ஸ்3டி வரைக்கும் போனாங்க. ஆனா ஏஎம்5க்கு எட்டிப் பிடிக்கிறதுக்காக கார்டு ஒரு படி கீழ எறங்குதுன்னா நான் ஏஎம்4லயே நின்னுட்டு பெரிய கார்டு எடுப்பேன்.

செகண்ட் ஹேண்ட் கார்டு?

ஓட்டி காட்டச் சொல்லி வாங்குங்க, அரை மணி நேரம் லோடுல வச்சு சூடு, ஃபேன் சத்தம், ஸ்க்ரீன்ல புள்ளி எதாவது வருதானு பாருங்க. ஜிடிஎக்ஸ் 10 சீரிஸ இப்ப தொடாதீங்க, நல்ல கார்டுதான், ஆனா 2016ல வந்தது, ரே ட்ரேசிங் ஹார்டுவேர் கட்டாயம்னு கேக்குற கேம் வர ஆரம்பிச்சாச்சு, இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் கேம் அந்த ஹார்டுவேர் இல்லாத கார்டுல ஓடாது. ப்ராசஸர செகண்ட் ஹேண்ட்ல வாங்குறதுல எனக்கு பயமே இல்ல, பின்னு வளையாம இருந்தா பெரும்பாலும் அது சாகாது.

ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்த முடியல, எத மொதல்ல மாத்தலாம்?

மேல சொன்ன 720பி சோதனைய பண்ணுங்க. அதுல வர்ற எஃப்பிஎஸ்தான் உங்க ப்ராசஸரோட உச்சம், எவ்ளோ பெரிய கார்டு போட்டாலும் அந்த எடத்துல அதுக்கு மேல ஏறாது. அந்த நம்பரே உங்களுக்கு போதும்னா கார்டு மாத்துங்க. அதுவே 50, 55னு நின்னா மொதல்ல எக்ஸ்எம்பி ஆன்ல இருக்கா, ராம் ரெண்டு குச்சியா, பின்னாடி க்ரோம்ல நாப்பது டேப் தொறந்து கெடக்கானு பாத்துட்டு, அதுக்கப்புறமும் நகரலைனா ப்ராசஸர்.